பைக்குக் காவலா அத்தை?

கேள்வி: நான்கு நாள் கடற்கரைச் சுற்றுலா கிளம்புகிறோம். நான், கணவர், 12 வயது மகன், 8 வயது மகள், 68 வயது மாமியார். கடலோரம் நடப்பது என்றால் எனக்கு உயிர். பலகைப் பாதைகள், கடலுக்குள் நீளும் பாலங்கள், அலைத்தடுப்புச் சுவர் என்று ஏழு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் மூன்று கிலோமீட்டர். நாளைக்கு இரண்டு என்று போனால் எதையும் விடாமல் பார்த்துவிடலாமா? எந்த வரிசையில் போவது? அத்தைக்கு முழங்கால் வலி. அவர் வாசலிலேயே பெஞ்சில் பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கும் அதுதான் பிடிக்கும்.
– பெயர் வேண்டாம்

பதில்: வரிசை கிடக்கட்டும். முதலில் உங்கள் கடைசி இரண்டு வரிக்கு வருகிறேன்.

மூன்று கிலோமீட்டர் பாதை என்றால் போக, வர ஆறு. நின்று படம் எடுத்து, சின்னவளின் செருப்பு வாரைச் சரிசெய்து, திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் ஐந்து பேர் பைகள் அவர் மடியிலும் காலடியிலும். நடுவில் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் பைகளை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவார்? போகமாட்டார். அது முன்கூட்டியே தெரிந்தவர் என்பதால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார். உங்களிடம் சொல்லவும் மாட்டார். கடற்காற்று வியர்வையை அப்போதைக்கப்போது உலர்த்திவிடும். உடம்பில் நீர் இறங்குவது தெரியாது. நீங்கள் திரும்பி வந்து "வாங்கத்தே, போகலாம்" என்று சொல்ல, அவர் எழுந்து நிற்கும்போதுதான் தலை சுற்றும். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் மோசம். முழங்காலும் இரண்டு மணி நேரம் ஒரே மடக்கில் இருந்தால் இறுகிப் போகும். காலுக்கு ஓய்வு கொடுத்ததாக நீங்கள் நினைப்பீர்கள். முதல் பத்து அடி அவர் எடுத்து வைக்கும் விதத்தைப் பார்த்தால் அது ஓய்வா என்பது புரியும்.

"அவருக்கும் அதுதான் பிடிக்கும்" என்று எழுதும் எத்தனையாவது ஆள் நீங்கள் என்று எண்ணுவதை நிறுத்தி நாளாயிற்று. நாலு பேர் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பி நிற்கும்போது, "நீங்க போய்ட்டு வாங்க, நான் இப்படி உட்கார்றேன்" என்பதைத் தவிர ஒரு பெரியவர் வேறென்ன சொல்வார்? அதைப் பிடித்தம் என்று கணக்கில் எழுதிக்கொள்வது உங்கள் வசதி. உங்களை மட்டும் சொல்லவில்லை. அவரைப் பெற்ற பிள்ளை உங்கள் கடிதத்தில் "கணவர்" என்ற ஒற்றைச் சொல்லோடு மறைந்துவிடுகிறார். அம்மாவின் முழங்காலை மனைவியின் பொறுப்பில் தள்ளிவிட்டுக் கடலைப் பார்த்து நிற்கும் மகனுக்கும் சேர்த்துத்தான் இந்தத் திட்டு. கூட்டிக்கொண்டு போவது என்றால் கூட வைத்துக்கொள்வது. காவலுக்கு ஆள் வேண்டுமென்றால் பைகளை அறையில் வைத்துப் பூட்டுங்கள், பூட்டுக்கு முழங்கால் வலிக்காது. தண்ணீர், தொப்பி, அவருடைய மாத்திரை ஆகியவற்றுக்கு ஒரு தோள் பை போதும். அதையும் உங்கள் கணவர் சுமக்கட்டும்.

இனி உருப்படியான வேலை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, சமதளத்தில், அவசரமில்லாமல் அத்தையோடு நடந்து பாருங்கள். மகன் கையில் கடிகாரத்தைக் கொடுங்கள். அவர் முதல்முறை வேகம் குறைந்து எதையாவது பிடிக்கத் தேடும் நிமிடத்தைக் குறித்துக்கொள்ளட்டும். "வலிக்கிறதா?" என்று கேட்க வேண்டாம், இல்லை என்றுதான் சொல்வார். 12 நிமிடம் தாங்கினார் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 40 மீட்டர் என்றால் 480 மீட்டர். போக 240, வர 240. இதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். களைக்கும்வரை போய்விட்டுப் பிறகு திரும்புவார்கள், திரும்பும் தூரத்துக்குக் காலில் ஒன்றும் மிச்சமிருக்காது. வழியில் 100, 150 மீட்டருக்கு ஒரு பெஞ்ச் இருந்து, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் தூரத்தைக் கொஞ்சம் கூட்டலாம். எனவே பாதையின் அழகை விசாரிப்பதற்கு முன் பெஞ்ச் எத்தனை அடிக்கு ஒன்று, முதுகுச் சாய்வு உண்டா, கழிப்பறை பாதையின் எந்த முனையில் என்று விசாரியுங்கள். சாய்வும் கைப்பிடியும் இல்லாத தாழ்ந்த திண்ணையில் உட்காருவது சுலபம், எழுவதுதான் பாடு.

240 மீட்டரில் என்ன கடல் தெரியும் என்று முகம் சுளிக்காதீர்கள். சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறந்த மரப்பாதையின் நீளம் 263 மீட்டர். மணலைத் தாண்டி அலைக்கு அருகில் போக அது போதுமானதாக இருந்தது. திறந்த இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதை உடைத்ததும், பிறகு பழுதுபார்த்ததும் தனிக் கதை. கடலோர மரப்பாதை எதுவானாலும், சமீபத்தில் புயலோ பெரிய அலையோ அடித்திருந்தால், முழுதும் திறந்திருக்கிறதா என்று கேட்காமல் கிளம்பக் கூடாது.

போகும் இடத்தில் விசாரிக்க வேண்டிய இரண்டாவது கேள்வி, நடந்து போன தூரத்தை நடக்காமல் திரும்ப வழி உண்டா என்பது. இங்கிலாந்தின் சவுத்எண்ட் பாலம் கடலுக்குள் 2 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதன்மேல் சிறு ரயில் ஓடுகிறது. ஆஸ்திரேலியாவின் பஸ்ஸல்டன் பாலம் 1.8 கிலோமீட்டர், அங்கும் ரயில் உண்டு. முனைவரை ஐந்து பேரும் ரயிலில் போய், அத்தையோடு அங்கே உட்கார்ந்து, பிள்ளைகளும் அப்பாவும் நடந்து திரும்ப, நீங்கள் இருவரும் ரயிலில் வரலாம். அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் 1870இல் பலகைப் பாதை போட்டதே, விருந்தினர் காலோடு வரும் மணல் ஓட்டல்களுக்குள்ளும் ரயில் பெட்டிகளுக்குள்ளும் சேராமல் இருக்கத்தான். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அதே பலகையில் ஆளை வைத்துத் தள்ளும் சக்கர நாற்காலிகள் வாடகைக்கு வந்துவிட்டன. நடக்க முடியாதவரைக் கரையில் விடக் கூடாது என்பது அந்த ஊருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. நீங்கள் போகும் இடத்தில் ரயிலோ நாற்காலியோ இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நடுவழியில் வண்டிச் சாலை வந்து தொடும் பாதையாகத் தேர்ந்தெடுங்கள்.

சக்கர நாற்காலி எடுத்துப் போனால் பலகை ஓடும் திசையைப் பாருங்கள். நடக்கும் திசைக்குக் குறுக்கே பலகை போட்டிருந்தால் சக்கரம் லேசாகக் குலுங்கி ஏறிவிடும். நெடுக்கே போட்டிருந்தால் முன்பக்கச் சிறு சக்கரம் இடுக்கில் இறங்கி நாற்காலி சட்டென நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னே சரிவார். கைத்தடிக்கும் அதே கதிதான். இடுக்கு 13 மில்லிமீட்டரைத் தாண்டினால் தடியின் முனை மாட்டும். சரிவுப் பாதை 12 மீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஏறினால் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும்; இறங்கும்போது நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி இறக்குங்கள். மணலில் சாதாரண நாற்காலி புதைந்துவிடும், முயலவே வேண்டாம்.

தடி முனையிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் ஊரிலேயே மாற்றிவிடுங்கள். மரம் ஈரமானால் கண்ணாடிதான், அதுவும் நிழல் விழும் ஓரங்களில் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத பாசி படிந்திருக்கும். விடிகாலைப் பனியும் தூவானமும் போதும், சறுக்கிவிட. ஆணித் தலைகள் வரிசையாகத் தெரியும் கோட்டுக்குக் கீழேதான் அடிச்சட்டம் ஓடுகிறது, அங்கே பலகை அசையாது. அவரை அந்தக் கோட்டை ஒட்டி நடக்கச் சொல்லுங்கள். மரம் நனைந்து உலர்ந்து ஆணியை மேலே தள்ளியிருக்கும்; அதில் தட்டாமல் இருக்க, குதிகாலைப் பிடிக்கும் வார் வைத்த, தட்டையான ரப்பர் அடிச் செருப்பு வேண்டும். சின்னவளை வெறுங்காலோடு விடாதீர்கள், சிலாம்பு ஏறும்.

காற்றை மறந்துவிடாதீர்கள். பிற்பகலில் கடற்காற்று வலுக்கும். கரையோடு ஓடும் பாதையில் காய்ந்த மணல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, போகும்போது காற்று முகத்திலும் திரும்பும்போது முதுகிலும் படுகிறாற்போல் தொடங்குங்கள். களைத்த கால் காற்றை எதிர்த்து நடக்கக் கூடாது.

நீங்கள் கேட்ட வரிசை இதோ. ஏழு வேண்டாம், நான்கு நாளுக்கு நான்கு. பெஞ்சும் கைப்பிடியும் உள்ள குட்டைப் பாதைகள் மூன்று, ஐவரும் சேர்ந்து, காலையில் ஒன்பது மணிக்குள் அல்லது மாலையில் இருட்டுவதற்கு அரை மணி முன்பே திரும்புகிறாற்போல். வயதான கண் இருட்டுக்குப் பழக நேரம் எடுக்கும், விளக்கில்லாத பலகையில் அந்த நேரம் கிடைக்காது. நான்காவது அலைத்தடுப்புச் சுவர். அங்கே அத்தையும் வேண்டாம், எட்டு வயதுக் குழந்தையும் வேண்டாம். கைப்பிடி இருக்காது, பத்து அலை சாதுவாக வந்தபின் ஒன்று சுவரைத் தாண்டும். கியூபாவின் ஹவானா நகரிலுள்ள மலேகோன் என்ற கடலோரப் பாதை, அகலமான சாலையும் சுவருமாக இருந்தும் குளிர்காலத்தில் அலை ஏறிச் சாலையையே மூடவைக்கிறது. கடல் வற்றி நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் நேரத்தில் நீங்களும் மகனும் மட்டும் போங்கள். அந்த நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் நேற்றைய நேரத்தை நம்ப வேண்டாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் அதிகம், அப்போது அந்தப் பக்கமே போகாதீர்கள். நீங்கள் போன நேரத்தில் உங்கள் கணவர் அம்மாவோடும் மகளோடும் இருக்கட்டும். பெஞ்சில் இடம் இருக்கும், பைகள்தான் அறையில் இருக்கின்றனவே.