கோயிலா, கோவிலா, ஆலயமா?

கேள்வி: கும்பாபிஷேகத்துக்கு முன் எங்கள் பிள்ளையார் கோயில் பெயர்ப்பலகையைப் புதிதாக எழுதுகிறோம். 'கோவில்'தான் சரி என்கிறார் ஒருவர். 'ஆன்மா லயிக்கும் இடம்' என்பதால் ஆலயமே உயர்ந்த சொல் என்கிறார் இன்னொருவர். எதை எழுதுவது?
(வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. கோயில் முதலில் அரண்மனைக்கே பெயர். சிலப்பதிகாரத்தில் கண்ணகி சிலம்போடு நுழைந்த 'கோயில்' பாண்டியனின் அரண்மனைதான். கண்ணகி அம்மன் கோயில்களின் வைகாசிச் சடங்கில் அவள் கதையைச் சொல்லும் வழக்குரைப் பாடலைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. பிறகு தெய்வத்தையே அரசனாகக் கண்டார்கள். குடை, சாமரை, ஆலவட்டம், பள்ளியறை எல்லாம் அரண்மனை வழியில் வந்தவை.

கோ + இல் சேரும்போது ஓகாரத்துக்குப் பின் வகர உடம்படுமெய் வரவேண்டும் என்பது நன்னூல் விதி. அப்படிப் பார்த்தால் 'கோவில்'. 'கோயில்' விதிக்கு அடங்காதது, ஆனால் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிற பழைய வழக்கு. இரண்டும் பிழையல்ல. அம்பாறை மாவட்டத்து ஊர்ப் பெயரான திருக்கோவிலை வகரத்தோடுதான் எழுதுகிறோம். போரதீவுப்பற்றில் உள்ள ஊரைக் கோயில்போரதீவு என்றும் கோவில்போரதீவு என்றும் எழுதுகிறார்கள்.

ஆலயம் வடசொல், உறைவிடம் என்று பொருள். 'லீ' என்ற வினையடிக்குப் படிதல், ஒட்டியிருத்தல் என்று பொருள். ஆகவே லயத்தோடு உறவு உண்டு. ஆனால் 'ஆ' வெறும் முன்னொட்டு, ஆன்மாவின் சுருக்கம் அல்ல. உங்கள் ஊர்ப் பாடசாலைப் பலகையைப் பாருங்கள்: வித்தியா + ஆலயம், கல்வி உறையும் இடம். இமாலயம் பனி உறையும் இடம். ஆன்மா விளக்கம் பிரசங்கத்துக்கு அழகு, சொற்பிறப்புக்கு ஆகாது. 'தேவாலயம்' மட்டும் வேண்டாம். நம்மிடம் அது கிறிஸ்தவர்களின் தொழுகையிடத்தைக் குறிக்கும்.

எனக்குப் பிடித்தது கோயில். ஆனால் பலகை எழுதுபவரிடம் கொடுக்குமுன் பதிவுப் பத்திரத்தையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். அங்கே 'ஆலயம்' என்றிருந்தால் பலகையிலும் பற்றுச்சீட்டிலும் அதுவே இருக்கட்டும். பலகையைப் பார்த்து ஒருவர் 'கோயில்' என்று காசோலை எழுதினால், பெயர் பொருந்தவில்லை என்று வங்கி திருப்பிவிடலாம்.

கேள்வி: பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே 'பள்ளி' எப்படி வந்தது?
(வாசகர், காத்தான்குடி)

பதில்: பள்ளி என்பது படுக்கை, தங்குமிடம். திருப்பள்ளியெழுச்சியில் இருப்பதும் அதுவே. சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடங்கள் பள்ளி எனப்பட்டன. அங்கே பாடமும் நடந்ததால் பள்ளிக்கூடம் பிறந்தது. தமிழ் முஸ்லிம்கள் அதே சொல்லைத் தொழுகையிடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். வாசல், 'வாயில்' என்பதன் திரிபு. காத்தான்குடியில் 'பள்ளிக்குப் போறன்' என்றால் தொழத்தான்.