பழைய சட்டை போட்ட புது காரு

அண்ணே வணக்கம். பழைய ஜிடி40 ரேஸ் காரு மாதிரியே ஃபோர்டு கம்பெனி திரும்ப விட்ட 2005 ஜிடி பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். எனக்கென்னவோ பழைய டிசைனைத் தூசு தட்டி புதுசா விக்கிறது, பணக்காரங்களோட மலரும் நினைவுக்கு பில் போடுற வேலையாத்தான் தெரியுது. அதை வாங்கிட்டு டிரைவிங் ஸ்கூலுக்கு வேற போறாங்க. லைசென்ஸ் வச்சிருக்கவனுக்கு அங்க புதுசா என்னண்ணே சொல்லித்தருவாங்க?
பிரபு, ஓசூர்

பிரபு தம்பி,

பில் போடுற வேலைன்னீங்களே, அது பாதி சரி. 2021ல லம்போர்கினி கம்பெனி அவங்களோட பழைய சூப்பர்கார் கவுன்டாக் பேர்லயே ஒண்ணு விட்டாங்க, மொத்தமே 112 வண்டி, அந்த நம்பர்கூட பழைய ப்ராஜெக்ட் பேர்லேர்ந்து எடுத்ததுதான். ஒரிஜினலை வரைஞ்ச மார்செல்லோ காந்தினி, இதுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லன்னு பகிரங்கமா அறிக்கை விட்டுட்டாரு. பெத்தவரே ஏத்துக்கல! வி12 இன்ஜின், 800 குதிரைசக்தி எல்லாம் இருக்கு, வண்டி மோசம்னு சொல்ல வரல, ஆனா உள்ள இருக்குற எலும்பு அவங்களோட இன்னொரு மாடலான அவென்டடோர் குடும்பத்தோடது, மேல பழைய சட்டை, அவ்வளவுதான்.

2005 ஃபோர்டு ஜிடியை மட்டும் தயவுசெஞ்சு அந்த லிஸ்ட்ல சேர்க்காதீங்க. ஜிடி40ங்கிற பேர்ல இருக்குற 40, வண்டியோட உயரம், இன்ச்ல. அது 1966லேர்ந்து 69 வரைக்கும் பிரான்ஸ்ல நடக்குற லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸ்ல நாலு வருஷம் தொடர்ந்து ஜெயிச்சுது. புதுசுல ஆள் உட்காரணுமேன்னு நாலு இன்ச் மாதிரி ஏத்துனாங்க, ஆனா முரட்டுத்தனத்தைக் குறைக்கல. 550 குதிரைசக்தி, ஆறு கியர் மேனுவல், ஏபிஎஸ் உண்டு, டிராக்‌ஷன் கன்ட்ரோலும் கிடையாது, ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் கிடையாது. பின்னாடி வழுக்குச்சுன்னா புடிச்சு நிறுத்த கம்ப்யூட்டர் வராது, நீங்கதான் புடிக்கணும்.

இப்ப ஸ்கூலுக்கு வரேன். பாப் பாண்டுரன்ட்னு ஒரு ரேஸர், 1964 லெ மான்ஸ்ல டான் கர்னிங்கிற ரேஸரோட சேர்ந்து கோப்ராங்கிற காரை ஓட்டி ஜிடிங்கிற பிரிவுல ஜெயிச்சவரு, ஜிடி40யும் ஓட்டினவரு. 1967ல அமெரிக்காவுல வாட்கின்ஸ் க்ளென் ரேஸ் ட்ராக்ல ஸ்டியரிங் பார்ட் உடைஞ்சு வண்டி பல குட்டிக்கரணம் போட்டுச்சு. கால் எல்லாம் உடைஞ்சு ஆஸ்பத்திரில கிடந்தப்பதான் ஸ்கூல் ஐடியாவே வந்துச்சு, அடுத்த வருஷமே கலிஃபோர்னியால ஆரம்பிச்சுட்டாரு.

இந்த மாதிரி ஸ்கூல்ல சொல்லித்தர்றது வேகம்னு நினைக்காதீங்க, எடை எப்படி நகருதுங்கிறதுதான். பிரேக் அடிச்சா வண்டியோட எடை முன்னாடி சாயும், முன் டயருக்கு புடிப்பு ஏறும், பின்னாடி லேசாயிடும். வளைவுக்கு நடுவுல பயந்துபோய் ஆக்சிலரேட்டர்லேர்ந்து சட்டுனு காலை எடுக்குறோம் பாருங்க, எல்லாரும் செய்றதுதான், அப்பவும் இதே கதைதான், பின்பக்கம் சுத்திக்கிட்டு முன்னாடி வந்துரும். இதை வாயால சொன்னா மண்டைல ஏறாது. அதனால ஸ்கிட் கார்னு ஒண்ணு வச்சிருப்பாங்க, சுத்தி ஒரு ஃப்ரேமும் குட்டி சக்கரமும், அது காரை லேசா தூக்கி டயர் புடிப்பைக் குறைச்சிடும், மெதுவா போகும்போதே ஐஸ்ல போற மாதிரி வழுக்கும். அடிபடாம தப்பு பண்ணிக் கத்துக்கலாம்.

நான் சென்னை பக்கத்துல இருக்குற இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல ஒரே ஒரு நாள் கிளாஸ் போயிருக்கேன், சூப்பர்காரெல்லாம் இல்ல, சாதா செடான்தான். இருபது வருஷமா ஓட்டுறேன்ங்கிற திமிர் முதல் வளைவுலயே போச்சு. பக்கத்துல உட்கார்ந்த பையனுக்கு என் வயசுல பாதி இருக்கும், "சார், பானட்டைப் பாக்காதீங்க, போகவேண்டிய இடத்தைப் பாருங்க"ன்னு அவன் நூறு தடவை சொல்லிருப்பான். கண்ணு போற இடத்துக்குத்தான் கை ஸ்டியரிங்கைத் திருப்புது, அது தெரியாமலே இத்தன வருஷம் ஓட்டிருக்கேன்.

நீங்க போறதா இருந்தா மெல்லிசு சோல் ஷூ போட்டுட்டுப் போங்க தம்பி. நான் தடி சோலோட போய் பெடல்ல எவ்வளவு அழுத்துறேன்னே தெரியாம முதல் ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன்.