கடலுக்குள் எழும் அலை: கேட்டதும் சொன்னதும்

சார், உள்ளலை என்பது மெரினாவில் நாம் பார்க்கும் அலைதானா? (திருவல்லிக்கேணி)

இல்லைங்க. மெரினாவில் பார்ப்பது காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே எழுவது. உள்ளலை தண்ணீருக்கும் தண்ணீருக்கும் நடுவே எழும். மேலே சூடான, உப்புக் குறைந்த நீர். கீழே குளிர்ந்த, கனமான நீர். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீரால் வங்கக்கடலில் இந்த அடுக்கு நன்றாகவே பிரிந்து நிற்கும். பாட்டிலில் பாதி தண்ணீர், பாதி நல்லெண்ணெய் ஊற்றி மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நடுக்கோடு நிதானமாக ஏறி இறங்கும். அதுதான்.

கிளப்பிவிடுவது எது? எவ்வளவு உயரம் போகும்? (அடையாறு)

பெரும்பாலும் ஓதம், அதாவது கடல்நீர் தினமும் ஏறி வற்றுவது. ஓத நீர் கண்டத்திட்டின் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி) விளிம்பிலோ கடலடி மேட்டிலோ ஏறி இறங்கும்போது அடுக்கு ஆடிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் வலுக்கும், உள்ளலையும் வலுக்கும். இரண்டு நீருக்கும் எடை வித்தியாசம் மிகக் கொஞ்சம் என்பதால் சிறு உந்தலுக்கே அடுக்கு எங்கோ எழும்பும். அந்தமான் கடலில் 60 மீட்டர் அளவுக்கு எழுந்ததை ஆஸ்போர்ன், பர்ச் என்ற ஆய்வாளர்கள் 1980இல் எழுதினார்கள். நம் கரையோரம் ஆழம் குறைவு, அத்தனை உயரத்துக்கு இடமில்லை.

காற்றே இல்லாத நாளில் கடல் பட்டை பட்டையாகத் தெரிகிறதே, இதனாலா? வலைக்கு என்ன செய்யும்? (காசிமேடு)

நல்ல கேள்வி அண்ணே. உள்ளலை நகரும்போது மேல்நீர் ஓரிடத்தில் நெருங்கும், அங்கே சிலிர்ப்பு. அடுத்த இடத்தில் விலகும், அங்கே வழவழப்பு. நுரையும் குப்பையும் நெருங்கும் கோட்டில் சேரும். செயற்கைக்கோள் ரேடாரில்கூட இந்தப் பட்டைகள் தெரியும். ஆனால் காற்றும் முகத்துவார நீரும்கூட இப்படிக் கோடு போடும். ஒன்றுக்கொன்று இணையாகப் பல கோடுகள், வரிசையாகக் கரையை நோக்கி நகர்ந்தால் உள்ளலை என்று ஓரளவு நம்பலாம்.

வலை விஷயம் முக்கியம். மேலே நீர் ஒரு பக்கம் இழுத்தால் அடியில் மறுபக்கம் இழுக்கும். ஆழமாக விட்ட வலை முறுக்கிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அப்புறம், அடியிலுள்ள சத்தான நீரை வெளிச்சத்துக்குத் தூக்கிவிடுவதால் நுண்பாசி பெருகும், அதைத் தேடி மீன் வரும். ஆனால் வங்கக்கடலின் ஆழ்நீரில் ஆக்சிஜன் குறைவு. அந்த நீர் கரைப்பக்கம் ஏறினால் அடிமட்டத்து மீன் இடம் மாறிவிடும்.

கடலில் குளிப்பவர்களை இழுப்பது இதுவா? (பட்டினப்பாக்கம்)

இல்லை. கரையில் உடைந்த அலையின் நீர் ஒரே வழியாகத் திரும்பி ஓடும்போது வரும் இழுவை அது. தயவுசெய்து பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்: சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை விட்டதும் கரையேற வேண்டும்.