ரேடார் வேலைக்கு ஏரோநாட்டிக்கல் எதற்கு?

அண்ணாச்சி, கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து, மகளின் மதிப்பெண் பட்டியலை மேஜையில் வைத்துவிட்டு ஒரே மூச்சில் சொன்னீர்கள்: "ரேடார், ஏவியானிக்ஸ்னு அரசு வேலையில பெரிய ஆளா வரணும்னா ஏரோநாட்டிக்கல்தானாமே. மச்சான் மேனேஜ்மென்ட் கோட்டாவுல சீட் பேசிட்டார்."

கவலைப்படாதீர்கள் என்று டீ கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கட்டப்போகிறீர்கள். மச்சான் சொல்வது தப்பு.

ஏரோநாட்டிக்கலில் பெரும்பகுதி இறக்கை, எஞ்சின், காற்றோட்டம். ரேடார் என்பது ரேடியோ அலை. ஏவியானிக்ஸ் என்பது விமானத்துக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ். இரண்டுக்கும் அடிப்படை இ.சி.இ., அதாவது எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படிப்பு.

இஸ்ரோவைப் பற்றி ஊரே பேசுகிறது, விடுங்கள். இந்திய விமான நிலைய ஆணையத்தில் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் எலெக்ட்ரானிக்ஸ் என்றொரு பணி இருக்கிறது. விமானங்களுக்கு வழி சொல்லும் கன்ட்ரோலரை ஊருக்குத் தெரிந்த அளவுக்கு, அவர் திரையில் விமானம் தெரிய வைக்கும் இவர்களைத் தெரியாது. தரையிலிருக்கும் செகண்டரி ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் "நீ யார், எவ்வளவு உயரம்?" என்று கேட்கும், விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் 1090-இல் பதில் சொல்லும். கேட்பது ரேடார், பதில் சொல்வது ஏவியானிக்ஸ். மேகம் கவிந்து ஓடுபாதை தெரியாத நேரத்தில், சுமார் 3 டிகிரி சரிவில் விமானம் இறங்க வழிகாட்டும் ஐ.எல்.எஸ். கருவியும் இவர்கள் பொறுப்புதான்.

தகுதி, முழுநேர பி.இ.யில் எலெக்ட்ரானிக்ஸ், டெலிகம்யூனிகேஷன், அல்லது எலெக்ட்ரானிக்ஸைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எலெக்ட்ரிக்கல், 60 சதவீதம். ஏரோநாட்டிக்கல் அந்தப் பட்டியலில் இல்லை. அண்மையில் கேட் (GATE) என்ற பொறியியல் தேர்வின் மதிப்பெண்ணை வைத்தே ஆளெடுத்தார்கள். மூன்றாம் ஆண்டிலேயே கேட் எழுதலாம், மதிப்பெண் 3 ஆண்டு செல்லும், ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் விஞ்ஞானி-பி பணிக்கும் அதுவே உதவும். உதவி மேலாளர், மேலாளர் என்று பொது மேலாளர் வரை ஏற வழியுண்டு. சீனியர் பதவிக்கென்று தனிப் படிப்பெல்லாம் கிடையாது. ஷிப்ட் உண்டு, வெளிமாநில இடமாற்றமும் உண்டு. அதற்குத் தயாராக வேண்டும்.

பணத்துக்கு வருவோம். பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. கலந்தாய்வில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. இலவசமாகக் கிடைக்கக்கூடிய படிப்பை விட்டுவிட்டு, உங்கள் சவுண்ட் சர்வீஸ் கடையை அடகு வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அப்புறம், நீங்கள் மச்சானோடு போனில் பேச வெளியே போனபோது, என் மேஜையில் இரைந்துகொண்டிருந்த பழைய ஸ்பீக்கரைப் பார்த்து உங்கள் மகள் சொன்னாள்: "ஹம் வருது சார், ஃபில்டர் கெப்பாசிட்டர் போயிருக்கும்." கட்டை விரலில் சால்டரிங் சூடு பட்ட தழும்பு. அதுவரை அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும்தான்.

விருப்பப் பட்டியலில் முதல் வரிசை முழுக்க இ.சி.இ. போடுங்கள். மச்சான் கோபித்துக்கொண்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.