களவெடுத்த கார்டுகளால் வெல்லலாமா?

அன்புள்ள அக்கா,

நான் ஹார்த்ஸ்டோன் என்ற கணினிக் கார்ட் விளையாட்டை விளையாடத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் பிளாட்டில் மேல்மாடியில் பெரியம்மா வீடு. இரவில் பெரியம்மாவின் மகனோடுதான் அதிகம் விளையாடுவேன். அண்ணா எப்போதும் மேஜ் என்ற பாத்திரம்தான். நான் பிரீஸ்ட் என்ற பாத்திரத்தை எடுத்து, எதிராளியின் கார்டுகளைக் களவெடுக்கிற டெக் (கார்டுக் கட்டு) வைத்திருக்கிறேன். மைண்ட் விஷன், தோட்ஸ்டீல் என்று அந்த வகைக் கார்டுகள் மட்டும் 14 இருக்கின்றன. பத்து ஆட்டத்தில் மூன்று வென்றால் பெரிய விஷயம்.

தோற்பதைக்கூடத் தாங்கலாம், அண்ணா சொல்வதுதான் குத்துகிறது. "சொந்தமாக ஒன்றும் செய்யத் தெரியாதவன்தான் மற்றவனின் சாமானில் கை வைப்பான். நீ வென்றாலும் வென்றது என்னுடைய டெக்தான்" என்கிறார். நீங்களும் இந்த டெக் விளையாடுவதாக முன்பு எழுதியிருந்தீர்கள். அண்ணா சொல்வது சரியா? விட்டுவிடவா?

பெயர் வேண்டாம்,
வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

விட வேண்டாம். ஆனால் அந்த 14 கார்டைக் குறைத்தே ஆக வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் அண்ணாவின் குற்றச்சாட்டு.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காக இரண்டு வரி. பிளிஸார்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட விளையாட்டு இது. இரண்டு பேர், ஆளுக்கு 30 கார்டு, 30 உயிர். கார்டை இறக்க மானா வேண்டும். அது முதல் முறைக்கு 1, அடுத்த முறைக்கு 2 என்று 10 வரை கூடிக்கொண்டு போகும். பிரீஸ்ட்டின் மைண்ட் விஷன் 1 மானா. எதிராளியின் கையில் உள்ள ஏதோ ஒரு கார்டின் பிரதி நம் கைக்கு வரும். தோட்ஸ்டீல், அவர் இன்னும் எடுக்காமல் டெக்கில் கிடக்கும் கார்டுகளில் இரண்டின் பிரதியைத் தரும்.

பிரதி என்ற சொல்லைக் கவனியுங்கள். அண்ணாவின் கார்ட் அண்ணாவிடமே இருக்கிறது. அவருக்கு ஒரு கார்டும் குறையவில்லை. உண்மையில் பறிக்கும் கார்டுகள் வேறு. 10 மானா கொடுத்து இறக்கும் மைண்ட் கன்ட்ரோல் எதிராளியின் மினியனையே (அவருக்காகச் சண்டையிட இறக்கிய கார்டையே) நம் பக்கம் கொண்டுவந்துவிடும். 2020இல் மைண்ட்ரெண்டர் இலூசியா என்று ஒன்று வந்தது. உங்கள் அடுத்த முறை வரும்வரை இருவரின் கையும் டெக்கும் இடம் மாறிவிடும். வெல்வதற்காக அடைகாத்து வைத்திருந்த கார்டை எதிராளி எடுத்து வீணாக்குவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். பின்னால் அதையும் மாற்றி, எதிராளியின் கையின் பிரதி மட்டும் அந்த ஒரு முறைக்குக் கிடைக்கும்படி செய்தார்கள். ஆக, பறிப்பதும் பிரதி எடுப்பதும் ஒன்றல்ல என்பது விளையாட்டைச் செய்தவர்களுக்கே தெரிந்த விஷயம். நீங்கள் செய்வது இரண்டாவது.

சரி, பிரதி எடுத்தால் மட்டும் அது உங்கள் திறமையா? இதற்குப் பதில் எனக்குக் கொழும்பு கொட்டாஞ்சேனையில், அம்மப்பாவிடம் கிடைத்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றதே, அந்த நாட்களில் இரவு முழுக்க வீட்டில் மெழுகுதிரி வெளிச்சத்தில் 304 என்ற கடதாசி விளையாட்டுதான். உங்கள் வீட்டிலும் யாராவது விளையாடுவார்கள். 32 கடதாசி, நாலு பேர், இரண்டு சோடி. துரும்பு கேட்டவர் ஒரு கடதாசியைக் குப்புற வைப்பார். இறக்கிய இனம் கையில் இல்லாதவரும் குப்புறத்தான் போடுவார். அம்மப்பா தன் கையைப் பார்ப்பதே அபூர்வம். நாலாவது பிடியிலேயே என் கையில் என்ன மிச்சம் என்று அவருக்கு விளங்கிவிடும். ஒருநாள் நான் ஜாக்கியை ஒளித்து வைத்திருந்தேன். "பிள்ளை, அதை ரெண்டு தரம் விரலால் தொட்டுப் போட்டு விட்டனீ" என்றார். அவர் என் கடதாசியைக் களவெடுக்கவில்லை. ஆனால் அது அவருடைய கையில் இருந்த மாதிரித்தான்.

நம் டெக் அந்த வகை. கிடைக்கும் கார்டைவிட அது சொல்லும் சேதி பெரிது. எதிராளிக்கு உங்களிடம் ஒரு கார்ட் வந்தது தெரியும், எது என்று தெரியாது. உங்களுக்கோ இரண்டு பேரிடமும் அது இருப்பது தெரியும்.

ஒரு ஆட்டத்தை அப்படியே சொல்கிறேன். எதிரில் மேஜ். ஆறாவது முறையில் அவர் கையில் மூன்று கார்ட்தான் மிச்சம். அதில் ஒன்று தொடக்கத்திலிருந்தே அசையாமல் கிடந்தது. 5 மானாவுக்கு ஒரு மினியனை இறக்கிவிட்டு மிஞ்சிய 1 மானாவுக்கு மைண்ட் விஷன் போட்டேன். வந்தது ஃபிளேம்ஸ்ட்ரைக். 7 மானா, எதிராளியின் மினியன்கள் எல்லாவற்றுக்கும் அன்றைய கணக்கில் 4 சேதம். என் பக்கத்தில் இரண்டு மினியன் நின்றன. கையில் இன்னும் மூன்று இருந்தும் நான் ஒன்றையும் இறக்கவில்லை. 2 மானா கொடுத்து என் உயிரை 2 கூட்டிக்கொண்டு சும்மா இருந்தேன். அவர் ஏழாவது முறையிலும் எட்டாவது முறையிலும் ஃபிளேம்ஸ்ட்ரைக்கைப் போடவில்லை. என் பக்கம் நிரம்பட்டும் என்று காத்திருந்தார். காத்திருந்த நேரத்தில் தன் பக்கத்தை நாலு மினியன்களால் நிரப்பிவிட்டார். நாலுக்கும் உயிர் 4 அல்லது அதற்குக் குறைவு. அவருடைய ஃபிளேம்ஸ்ட்ரைக்கை நான் முதலில் போட்டேன். அடுத்த முறை அவர் ஒன்றுமே செய்யாமல், நேரம் முடியப்போவதைக் காட்டும் அந்தக் கயிறு எரிந்து முடியும்வரை இருந்தார். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது இன்னும் நினைவிருக்கிறது.

மூன்றில் ஒன்று விழுந்தது அதிர்ஷ்டம், மறுக்கவில்லை. அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருந்தது அதிர்ஷ்டம் இல்லை. அண்ணாவிடம் இதைச் சொல்லுங்கள். அதே கார்ட் என் எதிராளியின் டெக்கிலும் இருந்தது, அவருக்கு வேலை செய்யவில்லை.

இனி உங்கள் 14 கார்ட். களவுக்கு ஆறு, மிஞ்சினால் ஏழு போதும். எதிராளியின் கார்டுகள் அவருடைய டெக்குக்காகச் சேர்க்கப்பட்டவை, தனியாக வந்தால் பாதிப் பலம் போய்விடும். அண்ணாவின் கிரின் டோர் மேஜ் உங்களிடம் வந்தால் என்ன செய்வீர்கள்? அதே முறையில் அடுத்து போடும் சீக்ரெட்டுக்கு (எதிராளிக்குத் தெரியாமல் மறைத்து வைக்கும் கார்டுக்கு) மானா வேண்டாம் என்கிற கார்ட் அது. சீக்ரெட் இல்லாத பிரீஸ்ட்டிடம் வெறும் 4/3 (தாக்குதல் 4, உயிர் 3) மினியன், அவ்வளவுதான். அப்படி நாலு சேர்ந்தால் நீங்கள் ஆறாவது முறையிலேயே செத்துப் போவீர்கள். உங்கள் பத்தில் ஏழு தோல்வி பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். எடுத்த இடத்தில் ஷேடோ வேர்ட்: பெயின் மாதிரி, தாக்குதல் 3க்கு மேல் போகாத மினியனை அந்த இடத்திலேயே அழிக்கும் கார்டுகளைப் போடுங்கள். முதல் ஐந்து முறை உயிரோடு இருந்தால்தான் களவுக்கு நேரம் வரும்.

அப்புறம், மைண்ட் விஷனை முதல் முறையிலேயே போடுகிற பழக்கம் இருந்தால் விடுங்கள். அப்போது எதிராளியின் கையில் நாலு ஐந்து கார்ட் இருக்கும், வருவது எதுவென்று சொல்ல முடியாது. கை மூன்றாகக் குறையும்வரை வைத்திருங்கள். தோட்ஸ்டீலை மாறாக, சீக்கிரமே போடலாம். அது டெக்கைத்தானே பார்க்கிறது. வேகமான டெக்கா, இழுத்தடிக்கிற டெக்கா என்று எவ்வளவு முந்தித் தெரிகிறதோ அவ்வளவு நல்லது.

இவ்வளவு செய்தாலும் பத்தில் ஏழு வெல்வீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த டெக்கால் தரவரிசை ஏணியின் உச்சிக்கு ஓடுவது கஷ்டம், ஐந்து வந்தால் நான் சந்தோஷப்படுவேன். ஆனால் ஒவ்வொரு ஆட்டமும் வேறு ஆட்டமாக இருக்கும். ஒரு மாதம் இப்படி விளையாடினால் அண்ணாவின் மேஜ் டெக்கை அவரைவிட நீங்கள் நன்றாக அறிந்திருப்பீர்கள்.

இன்றிரவு மேல்மாடிக்குப் போனால் ஒரு ஆட்டத்துக்காவது அண்ணாவின் கையில் நீண்ட நேரம் கிடக்கும் அந்த ஒரு கார்டை மட்டும் பார்த்துக்கொண்டு விளையாடுங்கள். அது என்னவாக இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா