அரசு உத்தரவாதம் உள்ள கல்விக் கடனைக் கட்டாமல் விட்டால் சிபில் பதிவு என்னவாகும்?

கேள்வி: 2016-ல் பொறியியல் படிப்பதற்காகப் பொதுத்துறை வங்கி ஒன்றில் 4 லட்சம் ரூபாய் கல்விக் கடன் வாங்கினேன். சொத்துப் பிணை எதுவும் தரவில்லை. அம்மாவும் நானும் கையெழுத்திட்டோம். 2020-ல் படிப்பு முடிந்து, 2021-ல் தவணை தொடங்கியதும் சில மாதங்கள் கட்டினேன். அப்பா இறந்த பிறகு கட்ட முடியவில்லை. இப்போது எனக்கு நிலையான சம்பளம் வருகிறது. அரசு உத்தரவாதப் பணம் வங்கிக்குப் போய்விட்டதால் கடன் முடிந்துவிட்டது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். வங்கியோ, நிலுவையில் ஒரு பகுதியைக் கட்டினால் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று கடிதம் அனுப்பியுள்ளது. இதற்கிடையே தங்கைக்குக் கல்விக் கடன் கேட்டோம்; அம்மாவின் சிபில் சரியில்லை என்று மறுத்துவிட்டார்கள். நான் வங்கிப் பணித் தேர்வுகளும் எழுதி வருகிறேன். என்ன செய்வது?
— வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: உங்கள் கடன் முடியவில்லை. உறவினர் சொல்வதை நம்பி இன்னும் ஓராண்டைக் கடத்திவிடாதீர்கள். உங்கள் கடன் சேர்ந்திருக்கக்கூடிய திட்டம், மத்திய அரசு 2015-ல் கொண்டுவந்த கல்விக் கடன் உத்தரவாத நிதித் திட்டம். பிணையோ மூன்றாம் நபர் ஜாமீனோ இல்லாமல் 7.5 லட்சம் ரூபாய் வரை கொடுக்கப்படும் கல்விக் கடன்களுக்கு, தவறிய தொகையில் 75 விழுக்காடு வரை தேசியக் கடன் உத்தரவாத அறங்காவல் நிறுவனம் வங்கிக்கு ஈடு கொடுக்கும். அந்த ஒப்பந்தத்தில் வங்கி ஒரு தரப்பு, அறங்காவல் நிறுவனம் மறு தரப்பு. மாணவர் அதில் இல்லை. ஈட்டுத் தொகை வந்த பிறகும் உங்களிடம் வசூலிக்கும் கடமை வங்கிக்குத் தொடர்கிறது. வசூலாகும் பணத்தில் அறங்காவல் நிறுவனத்துக்கும் பங்கு போக வேண்டும். வராத கடன் என்று வங்கி தன் ஏடுகளில் தள்ளி வைத்திருந்தாலும் (ரைட்-ஆஃப்) இதே நிலைதான். அது வங்கியின் கணக்கு ஏற்பாடு மட்டுமே. கடன் ரத்தானதாகப் பொருள் இல்லை.

கடன் பதிவில் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் குடும்பத்தின் இன்றைய இக்கட்டு முழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005-இன் கீழ் இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன. ஒவ்வொரு வங்கியும் தன் கடன் கணக்குகளின் நிலையை இந்த நான்குக்கும் அனுப்பியாக வேண்டும். தவணை எத்தனை நாள் தாமதம் என்பது மாதவாரியாகப் பதிவாகிறது. தாமதம் 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படுகிறது; பிறகு வங்கி அதைத் தள்ளி வைத்தால் அதுவும் தனிக் குறிப்பாக ஏறுகிறது. 300 முதல் 900 வரையுள்ள மதிப்பெண்ணைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் கடன் கொடுக்கும் அதிகாரி மதிப்பெண்ணுக்கு நிகராக இந்தக் குறிப்புகளையும் பார்க்கிறார். மதிப்பெண் ஓரளவு தேறிய பின்னும், ‘தள்ளி வைக்கப்பட்டது’ என்ற ஒரு குறிப்பு இருப்பதற்காகவே விண்ணப்பம் திரும்பி வருவதுண்டு.

உங்கள் அம்மா ஜாமீன்தாரராக அல்லாமல் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டிருப்பார். கல்விக் கடன்களில் அதுவே வழக்கம். ஆகவே இதே கடன், இதே தாமத நாட்களோடு, அவருடைய பெயரிலும் பதிவாகியிருக்கும். வாழ்நாளில் தனக்கென்று ஒரு கடனும் வாங்காத தாய்மார்கள், பிள்ளையின் கல்விக் கடனால் வாராக்கடன்காரராகப் பதிவில் நிற்பது வேதனையானது. ஆனால் சட்டத்தின் பார்வையில் அவருடைய பொறுப்பு உங்களுடையதற்குக் குறைந்ததல்ல.

ஏழு ஆண்டுகள் கழிந்தால் பதிவு தானாக அழிந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. கடன் தகவல் நிறுவனங்கள் விவரங்களைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் பேண வேண்டும் என்பதே விதி. ஏழாம் ஆண்டில் அழித்துவிட வேண்டும் என்று விதி சொல்லவில்லை. அதோடு, முடிக்கப்படாத கணக்கை வங்கி தொடர்ந்து புதுப்பித்து அனுப்பிக்கொண்டே இருக்கும்.

காலவரையறைச் சட்டத்தைப் பற்றியும் உங்களுக்கு யாரேனும் சொல்லியிருக்கலாம். கடனை வசூலிக்க வழக்குத் தொடர்வதற்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள்தான் காலம் என்பது உண்மை. இடையில் நீங்கள் ஒரு தொகை கட்டியிருந்தாலோ, கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டிருந்தாலோ, அந்த நாளிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். கிளைக்குப் போனபோது ‘இருப்பு உறுதிக் கடிதம்’ என்று ஏதேனும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். எப்படியானாலும், காலம் கடந்த கடனுக்கு நீதிமன்றக் கதவு அடைபடலாமே தவிர, கடனும் கடன் பதிவும் மறைந்துவிடுவதில்லை. தங்கைக்குக் கடன் கிடைக்க வேண்டும், நீங்கள் வங்கி வேலைக்குப் போக வேண்டும் என்ற நிலையில், இந்த வாதத்தில் வென்றாலும் உங்களுக்குப் பயன் சிறிதும் இல்லை.

முதலில் செய்ய வேண்டியது, உங்கள் அறிக்கையையும் அம்மாவின் அறிக்கையையும் நான்கு நிறுவனங்களிடமிருந்தும் பெறுவது. ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர அவை கடமைப்பட்டவை. இடைத்தரகர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அடுத்து, கடன் தொடங்கிய நாளிலிருந்து இன்று வரையான கணக்கு விவரத்தை வங்கியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். அது கைக்கு வந்ததும் குறிப்பாக ஒன்றைப் பாருங்கள். கடன் வாங்கிய காலத்தில் உங்கள் பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, படிப்பும் தகுதியுடையதாக இருந்தால், படிப்புக் காலத்துக்கும் அதன் பிறகான தவணை விலக்குக் காலத்துக்கும் உரிய வட்டியை மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் ஏற்றிருக்க வேண்டும். வருமானச் சான்று ஓராண்டு கொடுக்கப்படாததாலோ, கிளை கோரிக்கையை அனுப்பத் தவறியதாலோ மானியம் வரவு வைக்கப்படாமல், அந்த வட்டி மாணவரின் தலையில் ஏறிய கணக்குகள் உண்டு. மானியம் விடுபட்டிருந்தால் நிலுவைத் தொகையே தவறு. அதை வைத்துக் கணக்கிட்ட தவணையும் தவறாகும்.

பதிவில் தேதியோ தொகையோ பிழையாக இருந்தால், வங்கிக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் எழுதித் திருத்தம் கோரலாம். முப்பது நாட்களுக்குள் தீர்வு காண வேண்டும். அதில் 21 நாட்கள் வங்கிக்கு உரியவை. தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பிறப்பித்த ஏற்பாடு 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ளது. பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஆனால் பதிவு உண்மையாக இருந்தால், அதை ‘நீக்கித் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்பவர்களால் எதுவும் ஆகாது.

இனி வங்கியின் கடிதத்துக்கு வருவோம். ஒருமுறைத் தீர்வை, அதாவது ஓ.டி.எஸ். என்பதை, ஏற்றுக் கையெழுத்திடும் முன் தயவுசெய்து நிதானியுங்கள். சலுகைத் தொகையைக் கட்டினால் பாக்கியை வங்கி விட்டுக்கொடுக்கும். ஆனால் கணக்கு ‘முடிக்கப்பட்டது’ என்று பதிவாகாமல், ‘சமரசத்தில் தீர்க்கப்பட்டது’ என்று பதிவாகும். அடுத்து அறிக்கையைப் படிக்கும் ஒவ்வொரு வங்கியும், இவர் முழுத் தொகையைக் கட்டவில்லை என்றே அதைப் புரிந்துகொள்ளும். சமரசத் தீர்வு பெற்றவருக்கு, விவசாயக் கடன் நீங்கலாக, அந்த வங்கி குறைந்தது 12 மாதங்கள் புதுக் கடன் தரக் கூடாது என்றும் 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறை சொல்கிறது. மருத்துவச் செலவிலோ வேலையிழப்பிலோ சிக்கி வேறு வழியே இல்லாதவருக்கு நான் சமரசத் தீர்வைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நிலையான சம்பளமும், முன்னே நெடிய பணிக்காலமும் உள்ள உங்களுக்கு அதை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன்.

அதற்கு மாறாக வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்: இன்று வரை தவறிய தவணைகளும் வட்டியும் மட்டும் எவ்வளவு, முழுக் கடனையும் உடனே திருப்பிக் கேட்டு அறிவிப்பு அனுப்பப்பட்டுள்ளதா, கணக்கு தள்ளி வைக்கப்பட்டுள்ளதா, உத்தரவாதத் தொகை கோரப்பட்டுள்ளதா. முழுக் கடனும் கோரப்படாத நிலையில், தவறிய அசலையும் வட்டியையும் பாக்கியின்றிக் கட்டிவிட்டால், கணக்கை வாராக்கடனிலிருந்து வழக்கமான கணக்காக மாற்ற விதி இடம் தருகிறது. இரண்டு மூன்று தவணைகளை மட்டும் கட்டினால் இது நடக்காது. நிலுவை முழுவதும் தீர வேண்டும். முழுக் கடனும் கோரப்பட்டிருந்தால், அபராத வட்டியை மட்டும் குறைக்கச் சொல்லி, அசலையும் ஒப்பந்த வட்டியையும் சில மாதத் தவணைகளில் கட்டுவதாக மனுக் கொடுங்கள். அந்தக் குறைப்பு சமரசத் தீர்வாகப் பதிவாகாது என்பதையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். கிளை மேலாளர் வாயால் சொல்வது போதாது. பேச்சு நகராவிட்டால், உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மக்கள் நீதிமன்றத்தில், வழக்குக்கு முந்தைய நிலையிலேயே இதை எடுத்துச் செல்லலாம். அங்கு ஏற்படும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமமானது, மேல்முறையீடும் கிடையாது.

தங்கையின் விண்ணப்பத்தை வாய்மொழியாக மறுத்திருந்தால், காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். குறைந்த சிபில் மதிப்பெண்ணை மட்டும் காரணமாக வைத்துக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023 மே மாத இறுதியில் ஒரு மாணவரின் வழக்கில் கூறியது. அந்த மாணவரின் பெயரிலேயே தள்ளி வைக்கப்பட்ட கடன் ஒன்று இருந்தும் நீதிமன்றம் மனிதாபிமான அணுகுமுறையை வலியுறுத்தியது. உங்கள் தங்கைக்கோ தன் பெயரில் எந்தத் தவறும் இல்லை. அந்த உத்தரவு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், வங்கியின் மேல்நிலை அலுவலகத்துக்கு எழுதும் முறையீட்டில் அதைக் காட்டுவது பயன் தரும். அவர் சேர்ந்துள்ள கல்லூரி, பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தின் பட்டியலில் உள்ளதா என்றும் பாருங்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற அத்திட்டத்தில் பிணையும் ஜாமீனும் தேவையில்லை. அம்மாவுக்குப் பதிலாகத் தாய்மாமன் போன்ற நெருங்கிய உறவினரைக் கூட்டுக் கடனாளியாக ஏற்பார்களா என்று கேட்பதிலும் தவறில்லை. ஆனால் அவரிடம், உங்கள் அம்மாவுக்கு நேர்ந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

கடனைக் கட்டாததற்காகச் சிறை செல்ல நேருமோ என்ற அச்சம் வேண்டாம். இது உரிமையியல் பொறுப்பு மட்டுமே. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கவும், உறவினரிடம் சொல்லி அவமானப்படுத்தவும் ரிசர்வ் வங்கி தடை விதித்துள்ளது.

வங்கிப் பணியைப் பொறுத்தவரை அவசரம் இருக்கிறது. பொதுத்துறை வங்கி ஒன்று, சிபில் பதிவில் தவறுகள் இருந்ததற்காகப் பணி நியமனத்தை ரத்து செய்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் சரியென்று ஏற்றது. அறிவிக்கை வந்தபோது கடன்கள் தீர்ந்துவிட்டிருந்தன என்ற வாதம் அங்கு எடுபடவில்லை, ஏனெனில் கடனைத் தவறவிட்ட பதிவு உள்ளவரே தகுதியற்றவர் என்று அறிவிக்கை சொல்லியிருந்தது. வேறு சில ஆள்சேர்ப்பு அறிவிக்கைகள், பணியில் சேரும் நாளுக்குள் பதிவைச் சரிசெய்தாலோ, நிலுவையில்லை என்ற சான்றைக் கடன் கொடுத்த வங்கியிடமிருந்து கொண்டுவந்தாலோ ஏற்கின்றன. ஆகவே ஒவ்வொரு அறிவிக்கையிலும் கடன் வரலாறு பற்றிய பத்தியை முதலில் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். நிலுவையைத் தீர்த்த அன்றே நிலுவையில்லாச் சான்றை உங்கள் பெயருக்கும் அம்மாவின் பெயருக்கும் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து இருவரின் அறிக்கைகளையும் எடுத்து, அது நான்கு நிறுவனங்களிலும் ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள்.