அலாஸ்கா கப்பலில் இரவுச் சாப்பாடு: குறித்த மேசையா, நினைத்த நேரமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். ஜூன் மாதம் சியாட்டிலில் கிளம்பும் ராயல் கரீபியன் கப்பலில் 7 இரவு அலாஸ்கா போகிறோம். கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் அப்பா, அம்மா, நாங்கள், தங்கை குடும்பம், பிள்ளைகள் என மொத்தம் 8 பேர். அப்பாவும் அம்மாவும் முட்டைகூடத் தொடாத சைவம். அப்பாவுக்குச் சர்க்கரை வேறு. இரவுச் சாப்பாட்டுக்கு ‘ட்ரடிஷனல்’, ‘மை டைம்’ என்று இரண்டு வழி இருக்கிறதாம். ட்ரடிஷனல் என்றால் தினமும் ஒரே மேசை, 5:30 மணி அல்லது 8 மணி. மை டைம் என்றால் நினைத்த நேரத்தில் போய்ச் சாப்பிடலாம். சாயங்காலம் 5:30க்கு யாருக்குப் பசிக்கும், மை டைம் எடுத்துவிடலாம் என்கிறார் கணவர். எது சரி? முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பார்களா?

பதில்: 5:30 மணிப் பந்தியை எடுங்கள். உங்கள் கணவர் சொல்வது பல குடும்பங்களுக்குப் பொருந்தும், உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாது.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். அலாஸ்கா நேரம் நியூஜெர்சி நேரத்துக்கு 4 மணி நேரம் பின்னால். சியாட்டிலில் கிளம்பிய பிறகு கப்பலின் கடிகாரத்தையும் வழக்கமாக ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி அலாஸ்கா நேரத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். கப்பலில் மாலை 5:30 என்றால் நீங்கள் பழகிய கணக்கில் இரவு 9:30. இரண்டாம் பந்தி நடக்கும் 8 மணி உங்கள் உடம்புக்கு நள்ளிரவு 12. முதல் இரண்டு மூன்று நாட்கள் பிள்ளைகள் சூப் வருவதற்குள் மேசையிலேயே தூங்கிவிடுவார்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் அப்பாவை அவ்வளவு நேரம் காக்க வைப்பது கூடவே கூடாது. இந்த நேர மாற்றத்துக்கு ஏற்ப மருந்தை எப்போது எடுப்பது என்று கிளம்பும் முன்பே அவருடைய டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சீக்கிரம் சாப்பிட்டால் மாலைப் பொழுது போய்விடுமே என்ற கவலையும் வேண்டாம். ஜூன் கடைசியில் அலாஸ்காவின் தலைநகர் ஜூனோ பக்கம் சூரியன் மறைய இரவு 10 மணி தாண்டிவிடும். 5:30க்கு உட்கார்ந்து 7 மணிக்கு எழுந்தால், மேல்தளத்தில் நின்று திமிங்கலம் தேட இன்னும் மூன்று மணி நேர வெளிச்சம் மிச்சமிருக்கும்.

இதைவிட முக்கியமானது அப்பா அம்மாவின் சாப்பாடு. என்னிடம் ஆலோசனை கேட்கும் சைவக் குடும்பங்களுக்கு நான் குறித்த மேசையையே சொல்வதற்குக் காரணம் இதுதான். குறித்த மேசையில் ஏழு இரவும் அதே வெயிட்டர், அதே உதவியாளர், அவர்களுக்கு மேலே அதே ஹெட் வெயிட்டர். முதல் நாள் இரவு சாப்பிட உட்கார்ந்ததுமே ஹெட் வெயிட்டரை அழைத்து, “இவர்கள் இருவரும் இறைச்சி, மீன், முட்டை எதுவும் சாப்பிடமாட்டார்கள். பால், தயிர் சாப்பிடுவார்கள்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறுமனே வெஜிடேரியன் என்றால் அங்கே முட்டை அதில் அடக்கம். மறுநாளிலிருந்து என்ன வேண்டும் என்று முந்தைய இரவே கேட்டு எழுதிக்கொள்வார்கள். பருப்பு, காலிஃபிளவர் கறி, பனீர், பாஸ்மதி சோறு, ரொட்டி என்று வடஇந்தியச் சமையல் தனியாகத் தயாராகி வரும். சாம்பார், ரசம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் வெறும் சோறும் சர்க்கரை சேர்க்காத பிளெயின் யோகர்ட்டும் கொண்டுவரச் சொன்னால் தயிர்சாதம் மேசையிலேயே தயாராகிவிடும். மூன்றாம் நாள் நீங்கள் கேட்காமலே அது வந்து நிற்கும். ஆளே மாறாத மேசையில்தான் இதெல்லாம் நடக்கும். இந்தப் பெரிய கப்பல்களில் இந்திய ஊழியர்கள் நிறைய இருக்கிறார்கள். தயங்காமல் பேசச் சொல்லுங்கள் அம்மாவை.

மெனுவில் சைவக் குறி இருந்தாலும் சிலவற்றைக் கேட்டுவிட்டே வாங்க வேண்டும். காய்கறி சூப்பைக் கோழி எலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்திருக்கலாம். சீசர் சாலட் டிரஸ்ஸிங்கில் நெத்திலி சேரும். மூஸ், பன்னகோட்டா போன்ற இனிப்புகளில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். கேக்கில் முட்டை இருக்கும். தினமும் புது வெயிட்டரிடம் இந்தப் பட்டியலை முதலிலிருந்து ஒப்பிப்பது பெரியவர்களுக்கு அலுப்பு. இரண்டு நாள் சொல்லிப் பார்த்துவிட்டு, “எனக்கு ரெண்டு பழம் போதும்மா” என்று ஒதுங்கிவிடுவார்கள். அவ்வளவு செலவு செய்து அழைத்துப் போய்விட்டு அப்படி நடக்க விடாதீர்கள்.

உணவுக் கட்டுப்பாட்டைக் கப்பலில் ஏறித்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. புறப்படுவதற்கு 45 நாளாவது முன்னதாக ஏஜென்ட் மூலமோ நேரடியாகவோ கம்பெனிக்குத் தெரிவித்து, புக்கிங்கில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு இருந்தாலும் முதல் இரவு நேரிலும் சொல்லத்தான் வேண்டும். கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத ஊறுகாய், பொடி பாக்கெட் எடுத்துப் போகலாம். வீட்டில் கட்டிய புளியோதரையைக் கப்பலுக்குள் அனுமதிக்கமாட்டார்கள். ரைஸ் குக்கர், மின்சாரக் கெட்டில் இரண்டும் தீ அபாயம் என்பதால் தடை. செக்யூரிட்டியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

தெரியாதவர்களோடு உட்கார வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தனியாகவோ இருவராகவோ வருகிறவர்களைத்தான் பெரிய மேசைகளில் சேர்த்து உட்கார வைப்பார்கள். நீங்கள் 8 பேர் என்பதால் ஒரு மேசையே உங்களுடையதாகிவிடும். மை டைமில் உங்களுக்குச் சிரமம் வருவதும் இந்த எண்ணிக்கையால்தான். இருவருக்கான மேசை சீக்கிரம் காலியாகும். 8 பேருக்கான மேசை 6:30 முதல் 7:30 வரையான கூட்ட நேரத்தில் லேசில் காலியாகாது. வாசலில் நிற்க வேண்டிவரும், இல்லாவிட்டால் நான்கு நான்கு பேராகப் பிரித்து உட்கார வைப்பார்கள்.

இரண்டு பந்தி முறை வந்ததே இடப் பற்றாக்குறையால்தான். ஆயிரக்கணக்கான பயணிகளை ஒரே நேரத்தில் உட்கார வைக்கும் அளவுக்குப் பிரதான உணவுக்கூடம் பெரிதாக இருப்பதில்லை. 2000ஆம் ஆண்டில் நார்வீஜியன் குரூஸ் லைன் என்ற கப்பல் கம்பெனி ‘ஃப்ரீஸ்டைல்’ என்ற பெயரில் குறித்த நேரத்தையும் குறித்த மேசையையும் எடுத்துவிட்டது. மற்ற கம்பெனிகள் பலவும் நினைத்த நேரத்தில் சாப்பிடும் வழியைப் பழைய முறையோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கின. ராயல் கரீபியனே 2014இல் குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பலை இறக்கியபோது, ஒரே பெரிய கூடத்துக்குப் பதில் தனித்தனி உணவகங்கள் வைத்து, குறித்த மேசையைக் கைவிட்டுப் பார்த்தது. அது நிலைக்கவில்லை. ஓரிரு வருடத்திலேயே பழைய முறைக்குத் திரும்பிவிட்டார்கள். அதே வெயிட்டர், அதே மேசை என்பதைப் பயணிகள் அந்த அளவுக்கு விரும்புகிறார்கள்.

குறித்த பந்தியில் இடைஞ்சலே இல்லை என்று சொல்லமாட்டேன். அலாஸ்காவில் அது துறைமுக நாட்களில் வரும். ஜூனோவில் பிற்பகலில் இறங்கித் திமிங்கலம் பார்க்கப் படகேறினால் 5:30க்குத் திரும்ப முடியாமல் போகலாம். போகாவிட்டால் அபராதம் எதுவும் கிடையாது. முந்தைய இரவே வெயிட்டரிடம் “நாளைக்கு வரமாட்டோம்” என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்ததும் பஃபேயில் சாப்பிடுங்கள். அன்று அப்பாவின் பையில் பிஸ்கட்டோ கொட்டைப் பருப்போ கட்டாயம் இருக்கட்டும்.

கடைசி இரவுகளில் ஒன்றில் கனடாவின் விக்டோரியாவில் கப்பல் நிற்கக்கூடும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அங்கேயே திரும்புவதானால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும் என்பது 1886ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் கட்டாயம். அதற்காகவே பல கப்பல்கள் மாலையில் அங்கே ஒதுங்கி நள்ளிரவுக்குள் கிளம்பிவிடுகின்றன. 8 மணிப் பந்திக்காரர்கள் அன்று ஊரைப் பார்ப்பதா, சாப்பிடுவதா என்று தவிப்பார்கள். முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள் நிம்மதியாக இறங்கிப் போகலாம். உங்கள் பயண அட்டவணையில் எந்த ஊரில் எத்தனை மணிக்கு என்பதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகள் இல்லாத தம்பதி, எதையும் சாப்பிடுகிறவர்கள், தினமும் நாள் முழுக்க ஊர் சுற்ற நினைப்பவர்கள் என்றால் நானே மை டைமைத்தான் சொல்லியிருப்பேன். டிஸ்னி கப்பல்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. ஒவ்வொரு இரவும் உணவகம் மாறும், வெயிட்டர்கள் உங்களோடே மாறி வருவார்கள்.

டிப்ஸ் இரண்டு முறைக்கும் ஒன்றுதான். தலைக்கு, நாள் கணக்கில் உங்கள் பில்லில் தானாகவே ஏறிவிடும். அப்பா அம்மாவுக்காக மெனக்கெட்ட வெயிட்டருக்குக் கடைசி இரவு உறையில் தனியாக ஏதாவது கொடுத்தால் அது உங்கள் அன்பு.

இப்போதே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. உங்கள் கேபின், தங்கை கேபின், பெற்றோர் கேபின் என்று தனித்தனி புக்கிங் நம்பர்கள் இருக்கும். ஏஜென்டிடம் சொல்லி அவற்றை ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். இணைக்காவிட்டால் 8 பேருக்கும் ஒரே மேசை கிடைக்கும் என்று நம்ப முடியாது. 5:30 பந்தி சீக்கிரம் நிரம்பும். நிரம்பியிருந்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டு, கப்பல் ஏறும் நாள் மதியமே உணவுக்கூடப் பொறுப்பாளரை நேரில் போய்ப் பாருங்கள். மேசை மாற்றித் தருவதற்கென்றே அன்று ஆள் இருப்பார்கள், சீக்கிரம் போகிறவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அப்போதும் கிடைக்காவிட்டால் மை டைமில் ஏழு இரவுக்கும் 5:45 என்று கம்பெனியின் மொபைல் ஆப்பில் முன்பதிவு செய்துவிட்டு, முதல் இரவு பிடித்துப்போன வெயிட்டரின் பெயரைக் குறித்துக்கொண்டு, தினமும் வாசலில் அவருடைய மேசையையே கேளுங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.